எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறங்க

டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட கொஞ்ச நாளா ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பதினஞ்சு வருஷத்தைத் தாண்டின கார் ஒரு நாள் வழியில நின்னுட்டா போதும், "இனிமே இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்"னு முடிவு கட்டிடறாங்க. என்ன கோளாறுன்னு கேட்டா தெரியாது. யாரும் பார்த்திருக்கவும் மாட்டாங்க. வயசாயிடுச்சு, அதுதான் நோய். எங்க ஊர்ல ஏழெட்டு ஈத்து ஈன மாட்டைக்கூட இப்படித் தள்ளிவிட மாட்டாங்க. பல்லைப் பிடிச்சுப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, தீனி எடுக்குதா, அசை போடுதான்னு ரெண்டு நாள் கட்டிவெச்சுப் பார்த்த பிறகுதான் விலைப்பேச்சே வரும்.

பழைய காரோட என்ஜின் கோளாறுல பாதிக்கு மேல வீட்டு வாசல்லயே கண்டுபிடிச்சிடலாம்கிறது என் கட்சி. அதுக்கு மெக்கானிக்கா இருக்கணும்னு அவசியம் இல்ல. வரிசையா கேள்வி கேட்கவும், பதில் வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கவும் தெரிஞ்சா போதும். புது வண்டிகள்ல அந்தக் கேள்வி கேட்கிற வழியையே நம்மகிட்டேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டு வர்றாங்க. அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

நெல்லித்தோப்புல எங்க அத்தை வீடு. மாதா கோயிலுக்குப் பக்கத்துல ஒரு சந்து. 1997இல் மாமா வாங்கின வெள்ளை மாருதி 800 இன்னும் அந்த வாசல்லதான் நிக்குது. மாமா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அத்தைக்கு எழுபத்தி நாலு வயசு, மாசம் ஒரு தடவை ஜிப்மர் போகணும். ஆட்டோவுல ஏறி இறங்க முட்டி இடம் கொடுக்காது. இந்தக் காரோட முன் சீட்டைப் பின்னாடி தள்ளிக் காலை நீட்டிக்கிட்டாத்தான் அவங்களுக்குத் தோது. போன மழைக்காலத்துல ரெண்டு மாசம் வண்டியை எடுக்காம விட்டிருக்காங்க. பொங்கலுக்கு அப்புறம் எடுத்தா தொல்லை ஆரம்பம். காலையில சோக் இழுத்தா ஸ்டார்ட் ஆகும், ஓடும். சிக்னல்ல நின்னா அடங்கிப்போகும். ராஜீவ் காந்தி சிலைகிட்ட ஒரு நாள் நடுரோட்டுல நின்னு, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க, அத்தை உள்ள உட்கார்ந்துக்கிட்டு வேர்த்துப்போய்ட்டாங்களாம். சூடான பிறகு அணைச்சா கால் மணி நேரத்துக்கு உயிரே வராது.

அத்தை பையன், என் மச்சான், வண்டியை ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனார். பானெட்டைத் தூக்கி, ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டு, "என்ஜின் தேஞ்சுபோச்சு சார், போர் பண்ணணும். முப்பதாயிரம் ஆகும். அதைவிட எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டு புதுசு எடுத்துடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு பிளக்கைக்கூடக் கழட்டிப் பார்க்கல. மச்சான் பேங்க்ல லோன் விசாரிக்கப் போயிட்டார். அத்தை எனக்குப் போன் போட்டாங்க: "டேய், உன் மாமா வண்டியை இவன் எடைக்குப் போடப் போறானாம். நீ வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போடா."

நான் பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுறவன். டவுன் நண்பர்கள் ஒண்ணைக் கவனிக்கிறதே இல்ல. விவசாயின்னா மண்ணும் மாடும் தெரிஞ்ச ஆளுன்னு நினைச்சுக்கிறாங்க. அதே அளவுக்கு அவனுக்கு என்ஜினும் தெரியும். தெரிஞ்சே ஆகணும். எங்க அப்பா காலத்துல கரெண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி அஞ்சு எச்பி டீசல் என்ஜின்தான். லிவரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில் போட்டுச் சுத்தி, வேகம் வந்ததும் லிவரை விட்டா 'டப் டப்'னு பிடிச்சுக்கும். டீசல் தீர்ந்து நின்னுட்டா, மறுபடி ஊத்தினா மட்டும் போதாது. குழாயில ஏறின காத்தை வெளியேத்தணும். நட்டை அரைச் சுத்து தளர்த்தி, நுரை நின்னு கட்டியா டீசல் வர்ற வரைக்கும் கையால பம்ப் அடிக்கணும். 'ஏர் எடுக்கிறது'ன்னு பேரு. பத்து வயசுப் பையன்கள் செய்வாங்க.

பம்ப் தண்ணி எடுக்கலன்னா இன்னொரு பாடம். டெலிவரி பைப்புல ஓட்டை இருந்தா தண்ணி பீச்சி அடிக்கும், கண்ணாலேயே பார்த்துடலாம். சக்‌ஷன் பைப்புல ஓட்டை இருந்தா வெளிய ஒரு சொட்டு வராது. அது உள்ள காத்தை இழுத்துக்கிட்டு, மோட்டாரை வெறுமனே சுத்த வைக்கும். புது ஆளு மோட்டாரைக் குறை சொல்லுவான். பழைய ஆளு பைப்பைத் தடவிப் பார்ப்பான். சைக்கிள் டியூபைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தி, சாணியைக் கரைச்சு ஊத்தி அன்னிக்குப் பாய்ச்சலை முடிச்சுடுவோம். இந்த சக்‌ஷன் பைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

ஞாயித்துக்கிழமை காலையில போனேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல என்னிக்கோ வாங்கின ஸ்பேனர் செட்டும், ஊர்ல டிராக்டர் வேலை பார்க்கிற பையன்கிட்ட இரவல் வாங்கின கம்ப்ரஷன் கேஜும் பையில இருந்தது. முதல்ல கருவியைத் தொடல. மச்சானை உட்கார வெச்சு விசாரிச்சேன். எப்போலேருந்து? சூடாவா, ஆறினப்பவா? நின்னா அடங்குதா, ஓடும்போதும் இழுக்காம போகுதா? புகை வருதா, என்ன நிறம்? ஆயில் குறையுதா? டாக்டர் நாடி பிடிக்கிறதுக்கு முன்னாடி கேட்பாரே, அந்த மாதிரி. ரெண்டு மாசம் சும்மா நின்ன வண்டி, நின்னா அடங்குது, ஆயில் குறையல, நீலப் புகை இல்ல. இந்த நாலு பதில்லயே 'என்ஜின் தேஞ்சுபோச்சு'ங்கிற தீர்ப்பு எனக்குச் சந்தேகமாயிடுச்சு. தேஞ்ச என்ஜின் ஆயிலைக் குடிக்கும், குடிச்சதை நீலமா ஊதும்.

பெட்ரோல் என்ஜின் ஓட காத்து, பெட்ரோல், பொறி, அழுத்தம் நாலும் வேணும், அதுவும் அததுக்கு உரிய நேரத்துல. கடையில சொன்ன தீர்ப்பு அழுத்தத்தைப் பத்தினதுங்கிறதால அதையே முதல்ல பார்த்தோம். மாருதி 800ல 796 சிசி, மூணே சிலிண்டர், பானெட்டுக்குள்ள கையை விட இடமும் இருக்கு. வீட்டு வேலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. காயில் வயரைப் பிடுங்கி விட்டு, மூணு பிளக்கையும் கழட்டி, கேஜை மாட்டி, மச்சானை ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். மூணு சிலிண்டர்லயும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்துல போய் நின்னுது, நல்ல உயரத்துலயே. முப்பதாயிரம் ரூபா தீர்ப்பு அங்கேயே அடிபட்டுப் போச்சு. பத்து நிமிஷ வேலை இது.

கழட்டின பிளக்கைத் தூக்கிப் போடாதீங்க, அதுல ஜாதகமே எழுதியிருக்கும். முனை காபிப்பொடி நிறத்துல இருந்தா எரிப்பு சரி. கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஆயில் மேல ஏறுது. இந்த மூணு பிளக்கும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் பத்தல, காத்து அதிகம்னு அர்த்தம். மச்சானோட பொண்ணு காலேஜ் படிக்குது. போன்ல டார்ச் அடிச்சுக்கிட்டு, எந்த ஒயரு எங்கேருந்து வந்துதுன்னு ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிச்சு. நாங்க சின்ன வயசுல சாக்பீஸால குறி போடுவோம், இது அதைவிட நல்ல வழி. "மாமா, மூணும் ஒரே மாதிரி வெளுத்திருக்கே, அப்போ மூணுக்கும் பொதுவான இடத்துலதானே தப்பு இருக்கணும்?"னு கேட்டுச்சு. சரியான கேள்வி. ஒரு பிளக் மட்டும் வெளுத்திருந்தா அந்த சிலிண்டர்ல பார்க்கணும். மூணும்னா, மூணுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற கார்புரேட்டர், இல்லன்னா அதுக்கு முன்னாடி.

எதிர் வீட்டுல ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து வந்து பென்ஷன் வாங்குறவர். நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே, "கார்புரேட்டர், கராஜ், ஷாஸி, ஷோஃபர், எல்லாம் எங்க பிரெஞ்சுக்காரன் வார்த்தைப்பா"ன்னார். உண்மைதான். எங்களுக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது ஒரு பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர். அதையும் அவரே கொடுத்தார்.

அடுத்து பெட்ரோல் வழி. டேங்க்லேருந்து வர்ற இரும்புக் குழாய்க்கும் என்ஜின் மேல இருக்கிற பெட்ரோல் பம்புக்கும் நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். வெளிய பார்த்தா நல்லாத்தான் இருந்தது, சொட்டு கசிவு இல்ல. விரலால அழுத்தினா குழைஞ்சுது, கையில கறுப்பு ஒட்டுச்சு. கழட்டி நெடுக்க அறுத்துப் பார்த்தா உள்சுவர் செல்லரிச்ச மாதிரி உதிர்ந்து கிடக்கு, கிளாம்ப் போட்ட இடத்துல மயிரிழை வெடிப்பு. இதுதாங்க எங்க ஊரு சக்‌ஷன் பைப். பம்புக்கு முன்னாடி இருக்கிற ஹோஸ், அதனால கசியாது, காத்தை உள்ள இழுக்கும். பெட்ரோலோட காத்தும் சேர்ந்து போனா வேகமா ஓடும்போது எப்படியோ சமாளிக்கும். சிக்னல்ல நின்னா அடங்கும். என்ஜின் சூட்டுல பெட்ரோல் ஆவியானா இந்தக் கிழிஞ்ச ஹோஸால இழுத்துக் கொடுக்க முடியாது. சர்வீஸ் சென்டர்ல கண்ணுக்குத் தெரியுற கசிவைத் தேடியிருந்தாலும் கிடைச்சிருக்காது. அங்கே தேடவே இல்லைங்கிறது வேற விஷயம்.

உதிர்ந்த ரப்பர் எங்க போச்சு? கொஞ்சம் பில்டர்ல, மிச்சம் கார்புரேட்டர்ல. மேல் மூடியைத் திறந்தா மிதவை இருக்கிற சின்னத் தொட்டியோட அடியில பாதரசம் மாதிரி தண்ணித் துளி உருண்டுக்கிட்டு இருந்தது. பக்கத்துல கறுப்புத் தூள். ஐடிலுக்குப் பெட்ரோல் கொடுக்கிற சின்ன ஜெட் முக்கால்வாசி அடைஞ்சு போயிருந்தது. இந்த ஜெட்டைக் குண்டூசி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை, துளை அகலமாயிட்டா அப்புறம் எத்தனை ஸ்க்ரூ திருகினாலும் சரியா வராது. கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு, சைக்கிள் பம்பால காத்து அடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா பொட்டு மாதிரி வட்டமா வானம் தெரியணும். தெரிஞ்சுது. கேஸ்கெட் மாத்தி, பில்டர் மாத்தி, டேங்க்ல அடியில கிடந்ததை வடிச்சு விட்டு, ஹோஸ் எல்லாத்தையும் புதுசு போட்டோம். கடையில 'பெட்ரோல் ஹோஸ்'னு மட்டும் கேட்காதீங்க. எத்தனால் தாங்குற ஹோஸா, மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. மீட்டருக்கு விலை கூடத்தான். எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூத்தி நாப்பது ரூபா ஆச்சு. ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடான பிறகு மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமா திருகி, சத்தம் சீராகிற இடத்துல விட்டேன். மறுநாள் மச்சான் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனார். அந்தக் காலத்து காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் அனுமதி. இது ஒண்ணேகால்கிட்ட காட்டியிருக்கு.

ஹோஸ் ஏன் இப்படிக் கரைஞ்சுது? இங்கதான் எனக்கே கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம் வருது. இப்போ பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சு, 2030க்குன்னு வெச்சிருந்த இலக்கை முன்னாடி இழுத்து, 2025லேயே நாடு பூரா வந்துடுச்சு. எத்தனால் கரும்புலேருந்தும் மக்காச்சோளம், உடைஞ்ச அரிசியிலேருந்தும் வருது. அதாவது நான் வெட்டி ஆலைக்கு அனுப்புற கரும்பு ஒரு சுத்து சுத்தி வந்து எங்க அத்தை வண்டியோட ரப்பரைத் தின்னிருக்கு. ஒரு டன் கரும்போட சாறு நேரா எத்தனாலுக்குப் போனா சுமார் 70 லிட்டர் கிடைக்கும். ஆலைக்காரர் எத்தனால் வித்துப் பணம் பார்த்தா எங்க பாக்கியும் சீக்கிரம் வரும். அதனால எத்தனாலே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா பொய்.

ஆனா அது செய்யற வேலையை மறைக்கவும் வேண்டாம். எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். கடல்காத்து அடிக்கிற புதுச்சேரியில ரெண்டு மாசம் நின்ன டேங்க்ல என்ன ஆகும்னு அந்தத் தொட்டியிலேயே பார்த்தோம். பழைய டேங்க்ல படிஞ்ச அழுக்கையும் அது கரைச்சு எடுத்துட்டு வரும், அதனாலதான் பில்டர் சீக்கிரம் அடையுது. இன்னொண்ணு, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோவே போதும், அதுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கு. புது கார்ல சென்சார் இதைப் பார்த்துக் கூடுதலாப் பெட்ரோல் விடும். கார்புரேட்டருக்குக் கண்ணு கிடையாது. துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால பழைய வண்டி இயல்பாவே கொஞ்சம் வறட்சியா ஓடும், பிளக் வெளுக்கும். பழைய வடிவமைப்பு கார்கள்ல மைலேஜ் 6லேருந்து 7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே எழுதியிருக்கு. 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமும் சில பழைய வண்டிகள்ல இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு ரப்பர், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம், செலவு குறைவுதான்னு விளக்கம் கொடுத்தது. செலவு குறைவுங்கிறது உண்மை, எங்க ரசீதே சாட்சி. ஆனா அந்த விளக்கம் டெல்லியில அறிக்கையா வந்ததே தவிர, எந்த பங்க்லயும் ஒரு பலகையா தொங்கி நான் பார்க்கல. விலை கம்மின்னு விழுப்புரம், கடலூர்லேருந்தெல்லாம் வந்து புதுச்சேரியில பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போறாங்க. அந்த வரிசையில எத்தனை பழைய வண்டி நிக்குது. 'உங்க வண்டி பழசுன்னா ரப்பர் ஹோஸைப் பாருங்க'ன்னு தமிழ்ல ஒரு வரி எழுதி வைக்க என்ன செலவு? தெரியாததால ஆயிரம் ரூபா ஹோஸுக்குப் பதிலா ஆறு லட்சம் ரூபா லோன் வாங்கறாங்க.

எரிபொருள் மாறுறது பழைய என்ஜினுக்குப் புதுசு இல்ல. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு பூரா நிறுத்தினாங்க. அம்பாசிடரும் பத்மினியும் அப்புறமும் ஓடிச்சு. யாழ்ப்பாணத்துல நடந்தது இதைவிடப் பெரிய கதை. 1990லேருந்து அங்க பெட்ரோல் போக விடாம தடை. அங்க டாக்சியா ஓடின ஏ40 ஆஸ்டின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஜனங்க மண்ணெண்ணெயில ஓட்டினாங்க. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜின்ல ஆவியாகாது. அதனால கார்புரேட்டர்ல சில துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திக்குவாங்க. ஒரு சின்னப் போத்தல் பெட்ரோலை வெச்சு வாரக்கணக்குல ஓட்டினவங்க கதையை அங்கேருந்து வந்தவங்க சொல்லக் கேட்டிருக்கேன். புகை அடிச்சது, என்ஜின் தேஞ்சுது, எல்லாம் உண்மை. ஆனா பிரசவ வலி எடுத்த பொம்பளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. திறந்து தொட முடிஞ்ச என்ஜினா இருந்ததாலதான் அது முடிஞ்சுது.

வீட்டுல எல்லாத்தையும் தொடலாம்னு நான் சொல்லல. பிரேக்கை நம்பிக்கையான ஆள்கிட்ட விடுங்க. கேஸ் கிட் போட்ட வண்டியில கேஸ் பக்கமே கை வைக்காதீங்க. என்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. பெட்ரோல் வேலையைத் தெருவுல, திறந்த வெளியில, அடுப்பு இல்லாத இடத்துல, பக்கத்துல ஒரு வாளி மணலோட செய்யுங்க. அன்னிக்கு அத்தை சந்தோஷத்துல வாசல்லயே விறகு மூட்டி மீன் வறுக்கறேன்னாங்க. வேலை முடியற வரைக்கும் அடுப்பே பத்தவைக்க விடல.

புகை பத்திப் பேசறவங்களுக்கும் நியாயம் இருக்கு. 1997 கார் ஒரு கிலோமீட்டருக்குக் கக்குற அழுக்கு பிஎஸ்6 காரைவிட நிச்சயமா அதிகம். தினமும் எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டுறவர் இந்த வண்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார வேண்டியதில்ல. ஆனா வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர், அதுவும் ஜிப்மருக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போற வண்டியோட கணக்கே வேற. அரசு வயசைத்தான் பார்க்குது. பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்லேருந்து 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. அத்தை வண்டிக்கு 2027இல் அந்தப் பத்தாயிரம் கட்டணும். புகைப் பரிசோதனையில பாதி அளவுகூட வராத வண்டிக்கும், கரும்புகையா கக்குற வண்டிக்கும் ஒரே கட்டணம். வயசுக்குத் தண்டனை போடாம புகைக்குப் போட்டா நான் முதல் ஆளா கை தூக்குவேன்.

புது வண்டி விஷயத்துக்கு வர்றேன். எலக்ட்ரானிக்ஸ் வந்ததுல எனக்குக் கோபம் இல்ல. 2010களோட பிஎஸ்4 கார்கள்ல ஸ்டீயரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபா சுமாருக்குக் கிடைக்கிற சின்னக் கருவியை அதுல மாட்டினா போன்லயே கோளாறு எண்ணைப் படிச்சுடலாம். மச்சான் பொண்ணு மாதிரி பிள்ளைங்களுக்கு அது விளையாட்டு. கோபம் எங்கன்னா, அந்த எண்ணுக்கு மேல போக கம்பெனியோட மென்பொருள் வேணும், அது வெளியாளுக்குக் கிடையாது, பாகமும் வெளியில கிடைக்காதுங்கிறப்பதான். இது என் சொந்தப் புலம்பல் இல்ல. 2011இல் வந்த ஒரு புகாரை விசாரிச்சு, 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபா அபராதம் போட்டுது. உதிரி பாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காம பண்ணி வெச்சதுக்குத்தான். அப்புறம் அப்பீல்னு இழுத்துக்கிட்டுப் போச்சு. 2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தாங்க. வாகனம், செல்போன், வீட்டுச் சாமான், விவசாயக் கருவின்னு நாலு துறை. சட்டம் வரல. கம்பெனிங்க விருப்பப்பட்டா விவரம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

விவசாயக் கருவின்னு அதுல ஒரு வரி இருக்கே, அது எனக்குக் காரைவிட முக்கியம். அமெரிக்காவுல இதுக்காகத்தான் 2025 ஜனவரியில அவங்க வர்த்தக ஆணையம் ஜான் டீர் கம்பெனி மேல வழக்குப் போட்டுது. அங்க விவசாயிங்க தங்களோட டிராக்டரைத் தாங்களே சரி பண்ண முடியலன்னு பல வருஷமா சண்டை. நமக்கு அது தூரத்துச் சங்கதி இல்ல. 2023 ஜனவரியிலேருந்து நம்ம நாட்டுலயும் 50 எச்பிக்கு மேல இருக்கிற டிராக்டருக்குப் புது புகை விதி வந்து, பழைய பம்பு போய் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற என்ஜின் வந்துடுச்சு. எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் அப்படி ஒண்ணு எடுத்தார். சேடை ஓட்டுற நேரத்துல மஞ்சள் விளக்கு எரிஞ்சு, வண்டி ஊர்ந்து போற வேகத்துக்கு மேல போகல. லேப்டாப்போட ஆள் வர மூணு நாள் ஆச்சு. வயல்ல கட்டின தண்ணி வத்திப்போச்சு, நாத்து முத்திப்போச்சு. வந்த பையன் ஒரு ஒயர் சாக்கெட்டைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு, லேப்டாப்ல ஒரு பட்டனைத் தட்டினான். விளக்கு அணைஞ்சுது. அந்தச் சாக்கெட்டைத் துடைக்க ஊர்ல இருபது பேருக்குத் தெரியும். அந்தப் பட்டனைத் தட்டத்தான் ஒருத்தருக்கும் அனுமதி இல்ல.

என் பழைய டிராக்டர் இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அடுத்தது வாங்க ஷோரூமுக்குப் போறப்போ மானியம் எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும்னு முதல்ல கேட்கப் போறதில்ல. "ரிப்பேர் புத்தகத்தையும் அந்த லேப்டாப்ல இருக்கிற மென்பொருளையும் எனக்கு விலைக்குக் கொடுப்பீங்களா?"ன்னுதான் கேட்பேன். நீங்க கார் வாங்கப் போறப்போ இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பத்து பேர் கேட்டா முழிப்பாங்க, ஆயிரம் பேர் கேட்டா மேலிடத்துக்கு எழுதுவாங்க. அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உங்க வாசல்ல பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டி நின்னா, இந்த ஞாயித்துக்கிழமை என்ஜின் ஆறின பிறகு பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் ஹோஸை விரலால ஒரு அழுத்து அழுத்திப் பாருங்க. கறுப்பு ஒட்டுதான்னு பாருங்க.